வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் பணி: சம்பளம் நின்றுபோனால் என்ன செய்வது?

ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும், ஊரில் இருக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும்

பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம் படித்து பி.எட். முடித்த நம் பிள்ளைகள் பலர் இன்று துபாய், ஷார்ஜா, அபுதாபி, அஜ்மான் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கிறார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ், ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி மையங்களிலும் நம்மவர்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வங்கிக்கு வந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் ஒரு மாதம் தாமதமாகி, இரண்டாவது மாதம் பாதியாகி, மூன்றாவது மாதம் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஆகிவிடுகிறது.

அப்போது நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். புகார் கொடுத்தால் விசாவை ரத்து செய்துவிடுவார்களோ, பேன் போட்டுவிடுவார்களோ என்று பயந்து மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். அல்லது ஒரு நாள் கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டிலும் நஷ்டம் ஆசிரியருக்குத்தான்.

உழைத்த சம்பளம் நமது ஹக்கு. அதைக் கேட்க அமீரகச் சட்டத்திலேயே தெளிவான வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆவணம், பிறகு எழுத்து மூலம் கோரிக்கை, பிறகு அமைச்சகத்தில் புகார், கடைசியில் நீதிமன்றம். வேலையை விடுவதும் கையெழுத்துப் போடுவதும் இந்த வரிசையில் எங்கே வருகின்றன என்பதைப் பொறுத்துத்தான் பணம் கைக்கு வருவதும் வராததும்.

உங்களுக்கு எந்தச் சட்டம்?

தனியார் பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் பொருந்தும். இது 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. இதைக் கவனிப்பது மனிதவள மற்றும் எமிராட்டிமயமாக்கல் அமைச்சகம். சுருக்கமாக "மோஹ்ரே" என்பார்கள்.

துபாயில் கே.எச்.டி.ஏ., அபுதாபியில் அடெக் போன்ற கல்வி அமைப்புகள் பள்ளிகளுக்கு உரிமம் தருகின்றன, ஆசிரியர் நியமனத்துக்கு ஒப்புதல் தருகின்றன. அதனால் சம்பளப் பிரச்சினைக்கும் அங்கேதான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளப் புகாரை விசாரிப்பது மோஹ்ரேதான். அங்கும் இங்கும் அலைந்து நாட்களை இழக்க வேண்டாம்.

இரண்டு விலக்குகள் உண்டு. அரசுப் பள்ளி ஊழியர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஃப்ரீ ஸோனில் பதிவான நிறுவனமாக இருந்தால், முதலில் அந்த ஃப்ரீ ஸோன் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். துபாயின் டி.ஐ.எஃப்.சி., அபுதாபியின் ஏ.டி.ஜி.எம். ஆகிய இரண்டு நிதி மண்டலங்களுக்குத் தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் உள்ளன. உங்கள் விசாவிலும் ஒப்பந்தத்திலும் ஸ்பான்சர் பெயர் என்ன என்று பாருங்கள். எங்கே போவது என்பது அதில் தெரிந்துவிடும்.

சம்பளம் எப்போது "தாமதம்" ஆகிறது?

2009 முதல் அமீரகத்தில் சம்பளப் பாதுகாப்பு முறை இருக்கிறது. இதை டபிள்யூ.பி.எஸ். என்பார்கள். நிறுவனம் சம்பளத்தை வங்கி அல்லது அனுமதிபெற்ற எக்ஸ்சேஞ்ச் வழியாகவே தர வேண்டும். யாருக்கு எவ்வளவு போனது என்பது அமைச்சகத்தின் கணினியில் பதிவாகும். சம்பளம் தர வேண்டிய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் தராவிட்டால், அது தாமதமாகக் கருதப்படும். தொடர்ந்து தராத நிறுவனத்துக்குப் புதிய பணி அனுமதி நிறுத்தப்படும்.

இதில் ஆசிரியருக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, 15 நாள் தாண்டிய உடனேயே நீங்கள் கேட்கத் தகுதி பெற்றுவிடுகிறீர்கள். மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டாவது, சில சிறிய பள்ளிகளும் மையங்களும் வங்கியில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு, அதில் ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பித் தரச் சொல்கின்றன. அப்படிக் கொடுத்தால், வங்கிப் பதிவு உங்களுக்கு முழுச் சம்பளமும் வந்ததாகவே சொல்லும். நாளை புகார் கொடுக்கும்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்காது. கேட்கும் முதல் மாதமே மறுப்பதுதான் பாதுகாப்பு.

ஆசிரியர்களுக்கு வரும் வழக்கமான தகராறுகள்

கோடை விடுமுறைச் சம்பளம்: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளி மூடியிருக்கும். "வகுப்பு இல்லை, சம்பளமும் இல்லை" என்பார்கள். பதில் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதற்குமான மாதச் சம்பள ஒப்பந்தமாக இருந்து, வேலையும் தொடர்ந்தால், பள்ளி தன் வசதிக்கு மூடிய மாதங்களுக்கும் சம்பளம் கேட்கலாம். சேரும் முன்பே இந்த வரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணிநேரச் சம்பளம்: பயிற்சி மையங்களில் வகுப்புக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். மாணவர் வராத நாள், ரத்தான வகுப்பு, டெமோ வகுப்பு இவற்றில்தான் சண்டை வரும். தேதி, நேரம், வகுப்பு, மாணவர் எண்ணிக்கை என்று தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை அதை மேலாளருக்கு ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும், அனுப்பிய தேதி சாட்சி சொல்லும்.

விசாச் செலவைப் பிடித்தம் செய்வது: ஆட்சேர்ப்புச் செலவையும் வேலைக்கு அமர்த்தும் செலவையும் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது. என்னென்ன காரணத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம் என்பதற்கும் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. எத்தனை காரணங்கள் சேர்ந்தாலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

இரண்டு ஒப்பந்தங்கள்: ஊரில் காட்டியது ஒரு தொகை, அங்கே போனதும் கையெழுத்து வாங்குவது வேறு தொகை. அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தத்தைத்தான் புகாரில் முதலில் பார்ப்பார்கள். உங்கள் போனில் மோஹ்ரே ஆப்பை இறக்கி, யு.ஏ.இ. பாஸ் வழியாக உள்ளே போனால், உங்கள் பெயரில் பதிவான ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். இன்றே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்வது: சரிபார்க்க என்று வாங்கிய ஒரிஜினல் டிகிரியைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பார்கள். தொழிலாளியின் அடையாள ஆவணங்களை நிறுவனம் பிடித்து வைத்திருக்க அனுமதி இல்லை. கொடுக்க நேர்ந்தால், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

முதலில் கணக்குப் போடுங்கள்

"எனக்கு நிறையத் தர வேண்டும்" என்று சொன்னால் எந்த அலுவலகத்திலும் வேலை நடக்காது. எந்த மாதம், எவ்வளவு, எதற்காக என்று ஒரே தாளில் எழுத வேண்டும். ஒரு உதாரணம் பார்ப்போம்.

ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளம் 4,500 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளம் 2,500, வீட்டு வாடகைப்படி 1,500, போக்குவரத்து 500. அவர் சரியாக 3 ஆண்டுகள் வேலை செய்து முடித்திருக்கிறார். கடைசி 3 மாதச் சம்பளம் வரவில்லை. எடுக்காத விடுப்பு 10 நாள்.

நிலுவைச் சம்பளம்: 4,500 × 3 = 13,500 திர்ஹம்.

கிராஜுவிட்டி: முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள். குறைந்தது 1 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும். 2,500-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் 1,750. மூன்று ஆண்டுக்கு 5,250 திர்ஹம்.

எடுக்காத விடுப்பு: அடிப்படைச் சம்பளக் கணக்கில் 10 நாளுக்குச் சுமார் 833 திர்ஹம்.

மொத்தம் சுமார் 19,583 திர்ஹம்.

மொத்தச் சம்பளம் 4,500 ஆக இருந்தாலும், கிராஜுவிட்டி 2,500-ஐ வைத்தே கணக்கிடப்படுகிறது. பல பள்ளிகள் அடிப்படையைக் குறைத்து, படிகளைக் கூட்டிக் காட்டுவது இதனால்தான். வேலையில் சேரும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாமல், அடிப்படை எவ்வளவு என்று கேளுங்கள்.

வேலை முடிந்தபின் தர வேண்டிய எல்லாத் தொகையையும் ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது சட்டம்.

செய்ய வேண்டிய வரிசை

1. ஆவணங்களைச் சேகரியுங்கள்

ஒப்பந்தம், ஆஃபர் லெட்டர், எமிரேட்ஸ் ஐடி, பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் நகல். கடைசி 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட். டைம்டேபிள், வருகைப் பதிவு. சம்பளம் பற்றி வந்த ஈமெயில், வாட்ஸ்அப் செய்திகள். பள்ளி கொடுத்த ஈமெயில் கணக்கை அவர்கள் எந்த நேரமும் மூடிவிடலாம். அதனால் உங்கள் சம்பளம் தொடர்பான கடிதங்களின் நகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் விவரங்களையும் தேர்வுத் தாள்களையும் எடுக்காதீர்கள். அது உங்கள் மீதே புகாராகத் திரும்பும்.

2. எழுத்தில் கேளுங்கள்

பிரின்சிபாலைப் பார்த்துப் பேசுவது நல்லது. பேசி முடித்த அன்றே ஒரு ஈமெயிலும் அனுப்புங்கள். கோபமோ மிரட்டலோ வேண்டாம். ஆங்கிலத்தில் இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

"நான் இப்பள்ளியில் ஆங்கில ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எனது ஒப்பந்த எண் இது. மே, ஜூன் மாதச் சம்பளம் மொத்தம் 9,000 திர்ஹம் இன்றுவரை என் வங்கிக் கணக்கில் வரவாகவில்லை. இதை இந்தத் தேதிக்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமதத்துக்குக் காரணம் இருந்தால், செலுத்தும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும்."

ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள் அவகாசம் கொடுக்கலாம். நிறுவனம் தவணையாகத் தருகிறோம் என்றால், அதையும் தேதி, தொகையுடன் எழுதி வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது நம் மார்க்கம் கற்றுத் தந்த பழக்கம்தான். "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால் சங்கடப்பட வேண்டியதில்லை.

3. அமைச்சகத்தில் புகார் செய்யுங்கள்

பதில் வராவிட்டால், மோஹ்ரே ஆப், இணையதளம் அல்லது தொழிலாளர் புகார் மற்றும் ஆலோசனை எண் 80084 மூலம் புகாரைப் பதியலாம். பொதுத் தகவலுக்கு 600590000. வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுக்கலாம். இதற்காக ராஜினாமா செய்யத் தேவையில்லை.

புகார் பதிவானதும் அமைச்சகத்தின் சட்ட அலுவலர் இரு தரப்பையும் தொடர்புகொண்டு, 14 நாட்களுக்குள் சமரசம் செய்ய முயல்வார். அந்தத் தாளில் போட்ட கணக்கு இங்கேதான் பயன்படும். "இந்த மாதம், இந்தத் தொகை, இதோ வங்கிப் பதிவு" என்று சொல்லுங்கள். பிரின்சிபால் எப்படிப் பேசினார், எப்படி நடத்தினார் என்பதையெல்லாம் விரித்துப் பேசினால் முக்கிய விஷயம் மறைந்துவிடும்.

சமரசத்தில் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது உங்கள் முடிவு. விரைவாகக் கிடைக்கும் 17,000 திர்ஹம், பல மாதம் கழித்து வரும் 19,583-ஐ விடச் சிலருக்குப் பயன்படும். ஆனால் எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் வரும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

சமரசம் ஆகாவிட்டால், 2024 ஜனவரி முதல் அமைச்சகத்துக்கு ஒரு புதிய அதிகாரம் உண்டு. கோரிக்கை 50,000 திர்ஹத்துக்கு மேற்படாமல் இருந்தால் அமைச்சகமே முடிவு சொல்லலாம். அந்த முடிவை நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்ற முடியும். சம்மதம் இல்லாத தரப்பு 15 வேலை நாட்களுக்குள் முதல்நிலை நீதிமன்றத்துக்குப் போகலாம். சாதாரண ஆசிரியரின் நிலுவை பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும்.

4. நீதிமன்றம்

தொகை 50,000-ஐத் தாண்டினால் புகார் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். 1 லட்சம் திர்ஹத்துக்கு மேற்படாத தொழிலாளர் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அரபு மொழிபெயர்ப்புக்குச் செலவாகலாம். வேலை முடிந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். முன்பு ஓராண்டாக இருந்த இந்தக் காலம் 2024-இல் நீட்டப்பட்டது.

நிறுவனமே நொடிந்து, கொடுக்கப் பணம் இல்லை என்ற நிலை வந்தாலும் எல்லாம் போய்விடாது. தொழிலாளர் பாதுகாப்புக் காப்பீட்டின் கீழ் ஒருவருக்கு 20,000 திர்ஹம் வரை நிலுவை பெற வாய்ப்பு உண்டு. புகார் அலுவலரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

வேலையை விடுவது எப்போது?

சம்பளம் தராத இடத்தில் எத்தனை நாள் இருப்பது என்ற கேள்வி நியாயமானது. சட்டத்தின் 45-ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. நிறுவனம் தன் கடமையை மீறினால், தொழிலாளி நோட்டீஸ் காலம் இல்லாமலே விலகலாம்; உரிமைகள் எதுவும் போகாது. ஆனால் விலகுவதற்கு 14 வேலை நாட்கள் முன்பே அமைச்சகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்த பிறகும் நிறுவனம் குறையைச் சரிசெய்யாமல் இருக்க வேண்டும்.

இதைச் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், நிலைமை தலைகீழாகும். நியாயமான காரணமின்றித் தொடர்ந்து 7 நாட்களுக்கு மேல் வராதவரை வேலையிலிருந்து நீக்கச் சட்டம் இடம் தருகிறது. "வேலைக்கு வராமல் போய்விட்டார்" என்று நிறுவனம் அறிக்கையும் கொடுக்கலாம். நேற்றுவரை பணம் கேட்டவர், இன்று தன்மீது வந்த புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுவார்.

அவசர ராஜினாமாவுக்கு இன்னொரு விலையும் உண்டு. 2023 முதல் தனியார் துறை ஊழியர்கள் வேலையிழப்புக் காப்பீட்டில் சேர்ந்திருக்க வேண்டும். தொடர்ந்து 12 மாதம் சந்தா கட்டியவரை நிறுவனம் நீக்கினால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் அதிகபட்சம் 3 மாதத்துக்குக் கிடைக்கும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடைக்காது. வேலை போன 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

புகார் கொடுத்ததற்காகவே வேலையை விட்டு நீக்கினால்? உண்மையான புகார் என்று நிரூபணமானால், அது சட்டவிரோத நீக்கம். மூன்று மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு கேட்கலாம். பயந்து ஒதுங்குபவர்கள் இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையெழுத்தில் கவனம்

ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இதுதான். விசாவை ரத்து செய்யும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் "எனக்கு வர வேண்டிய எல்லாத் தொகையையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகம் இருக்கும். "இது சும்மா ஃபார்மாலிட்டி, கையெழுத்துப் போடுங்கள், பணம் அடுத்த வாரம் வந்துவிடும்" என்பார்கள்.

பணம் வங்கியில் வரவான பிறகுதான் அதில் கையெழுத்து. விமான டிக்கெட்டைக் காட்டி அவசரப்படுத்தினாலும் இதில் தளர வேண்டாம். படிவம் அரபியில் மட்டும் இருந்தால், படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒப்பமிடாதீர்கள். நெருக்கடியில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள்கூட, வங்கிப் பதிவில் பணம் வரவில்லை என்பதைக் காட்டி அமைச்சகத்தில் முறையிடலாம். ஆனால் அப்போது வேலை இரட்டிப்பாகும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பள்ளியின் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதாதீர்கள். அமீரகத்தில் இணைய அவதூறு குற்றம். சொல்வது உண்மையாக இருந்தாலும் சிக்கல் வரும்.

அனுமதியில்லாமல் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்யாதீர்கள். அதுவும் குற்றம்.

எல்லோரும் சேர்ந்து வகுப்பைப் புறக்கணிக்காதீர்கள். சக ஆசிரியர்களுக்கும் சம்பளம் வரவில்லையென்றால், ஒவ்வொருவரும் தனித்தனியே புகார் பதியட்டும். ஒரே நிறுவனத்தின்மீது பல புகார்கள் வந்தால் அமைச்சகத்தின் கவனம் தானாகக் கூடும்.

செலவுக்கு வழியில்லை என்று மாலையில் அனுமதியில்லாமல் டியூஷன் எடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் தனியார் ஆசிரியர் பணி அனுமதி அறிமுகமானது. கட்டணம் இல்லை, 2 ஆண்டு செல்லும். விண்ணப்பித்துப் பெற்றுக்கொண்டு எடுங்கள்.

வங்கிக் கடன், கிரெடிட் கார்டு தவணை இருந்தால், தவறும் முன்பே வங்கியிடம் சொல்லுங்கள். சம்பளம் வராததற்கு நீங்கள் பொறுப்பில்லை என்றாலும், கடனுக்கு நீங்கள்தான் பொறுப்பு. வங்கி வழக்குப் போட்டால் பயணத் தடை வரலாம்.

கணவர் விசாவில் இருக்கும் சகோதரிகளுக்கு

அமீரகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் நம் சகோதரிகளில் பலர் கணவரின் ஸ்பான்சர்ஷிப்பில் இருப்பவர்கள். சில பள்ளிகள் இவர்களை விரும்பிச் சேர்க்கின்றன. விசாச் செலவு இல்லை, வீடு தர வேண்டியதில்லை, குறைந்த சம்பளத்துக்கும் வருவார்கள் என்பது கணக்கு.

கணவர் விசாவில் இருந்தாலும், வேலை செய்ய மோஹ்ரே தரும் பணி அனுமதி கட்டாயம். பள்ளிதான் அதை எடுக்க வேண்டும். "உங்களுக்குத்தான் விசா இருக்கிறதே, லேபர் கார்டு எதற்கு?" என்று யாராவது சொன்னால், அங்கே வகுப்பெடுக்கத் தொடங்காதீர்கள். பணி அனுமதியும் பதிவான ஒப்பந்தமும் இல்லாவிட்டால், நாளை சம்பளம் கேட்கும்போது வேலை செய்ததையே நிரூபிக்க வேண்டிவரும்.

பணி அனுமதி இருந்தால், மற்ற ஆசிரியர்களைப் போலவே சம்பளம், விடுப்பு, கிராஜுவிட்டி எல்லாம் உண்டு. மேலும், இவர்களின் விசா பள்ளியின் கையில் இல்லை. "விசாவை ரத்து செய்துவிடுவோம்" என்ற மிரட்டல் இவர்களிடம் செல்லாது. மற்றவர்களை விடத் தைரியமாகப் புகார் கொடுக்கலாம்.

இந்தியத் தரப்பில் என்ன உதவி?

துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா இயங்குகிறது. கட்டணமில்லா எண் 80046342. சட்ட ஆலோசனை கேட்கலாம். பாஸ்போர்ட் பிரச்சினையையும் சொல்லலாம். வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" இணையதளத்தில் ஊரிலிருக்கும் குடும்பத்தாரும் புகார் பதியலாம். கையில் காசில்லாமல் தவிப்பவர்களுக்கு, 2009-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தங்குமிடம், டிக்கெட், சட்ட உதவி போன்றவை தகுதியைப் பார்த்துத் தரப்படும். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் அணுகலாம்.

தூதரகம் சம்பளத்தை வசூலித்துத் தராது, தரவும் முடியாது. பணத்தை வாங்கித் தரும் அதிகாரம் மோஹ்ரேக்கும் நீதிமன்றத்துக்கும்தான். அதனால் தூதரகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்து, அமைச்சகப் புகாரைத் தள்ளிப்போடக் கூடாது.

வழக்கு முடியும் முன் ஊர் திரும்ப வேண்டியிருந்தால், நம்பிக்கையான ஒருவருக்கு அங்குள்ள நோட்டரி மூலம் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்துவிட்டு வாருங்கள். இந்தியா வந்தபின் எழுதிக் கொடுக்கலாம் என்றால், வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று முத்திரைக்கு அலைய நேரும். விசா ரத்தானபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது விசா வகையைப் பொறுத்தது. குடியேற்றத் துறையில் கேட்டு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போகும் முன்பே பார்க்க வேண்டியவை

பட்டதாரிகளுக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைப்பதால், அரசு இவர்களின் ஒப்பந்தத்தைப் புறப்படும் முன் பார்ப்பதில்லை. அந்த வேலையை நாமேதான் செய்ய வேண்டும்.

ஏஜென்ட், இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே.

மோஹ்ரே முத்திரையுள்ள ஆஃபர் லெட்டரைக் கேளுங்கள். அதிலுள்ள எண்ணைக் கொண்டு அமைச்சக இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தப் படிவம் அரபி, ஆங்கிலத்துடன் தமிழிலும் கிடைக்கிறது.

விசிட் விசாவில் போய் வகுப்பெடுக்கச் சம்மதிக்காதீர்கள். பணி அனுமதியின்றி வேலை வாங்கும் நிறுவனத்துக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் உண்டு. அங்கே ஆசிரியரும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

அடிப்படைச் சம்பளம், கோடை விடுமுறைச் சம்பளம், நோட்டீஸ் காலம், தகுதிகாண் காலம் ஆகிய நான்கையும் எழுத்தில் பாருங்கள். தகுதிகாண் காலம் 6 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

ஊரில் இருப்பவர்களுக்கு

மாதம் தவறாமல் பணம் அனுப்பிய பிள்ளை திடீரென நிறுத்தினால், "அங்கே என்ன செலவு செய்கிறாய்?" என்று கேட்பதற்கு முன், "சம்பளம் வந்ததா?" என்று கேளுங்கள். தங்கை நிக்காஹ், வீட்டுக் கடன், ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய வட்டியில்லாக் கடன் என்று ஊரின் நெருக்கடிக்குப் பயந்தே பலர் உண்மையைச் சொல்வதில்லை. சொல்லாமல் போகும் ஒவ்வொரு மாதமும் நிலுவை ஏறுகிறது, நிறுவனமும் அவர் கேட்க மாட்டார் என்று எண்ணிக்கொள்கிறது.

ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், டிகிரிச் சான்றிதழ் ஆகியவற்றின் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். சம்பளம் வர வேண்டிய தேதியும் வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும். 15 நாள் தாண்டினால் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் 80084-ஐ அழைக்கச் சொல்லுங்கள். சட்ட விதிகள் அவ்வப்போது மாறுபவை. புகார் பதியும் முன் அதே எண்ணில் அன்றைய விதியைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

இந்த இதழைப் படித்தவுடன், அமீரகத்தில் ஆசிரியராக இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புங்கள். பிரச்சினை இல்லாதவரும் இன்றே தன் ஒப்பந்த நகலை ஆப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டால், தேவைப்படும் நாளில் அது கைகொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.